எழுவாய்

மண்டாய் சாலை, ரப்பர் தோட்டத்துப் பள்ளிக்கூடம்.
ஒரே அறை, நான்கு வகுப்பு.
ஒவ்வொரு வகுப்பும் ஒவ்வொரு சுவரைப் பார்த்து உட்காரும்,
நடுவில் நின்று சுழல்வார் தவசிமுத்து வாத்தியார்.
வராத பிள்ளைக்குப் பதிவேட்டில்
காரணமும் எழுதுவார்:
காய்ச்சல். ஒட்டுப்பால். தம்பி பிறந்தான். ஒட்டுப்பால்.

இதையெல்லாம் நான் பார்த்ததில்லை.
எனக்குத் தெரிந்தது அதற்குப் பிறகான ஆள்.
தேர்தலுக்கு நிற்கச் சொல்லி
நகரத்திலிருந்து இரண்டு பேர் காரில் வந்தபோது
"எட்டாம் வாய்ப்பாடு பாதியில் நிற்கிறது,
வெள்ளிக்கிழமை வாருங்கள்" என்றாராம்.
வந்தார்கள். நின்றார்.
முந்நூற்றுப் பன்னிரண்டு வாக்கில் ஜெயித்தார்.

நான் தொகுதி அலுவலகத் தட்டச்சன்.
ஆங்கிலத்தில் வருவதைத் தமிழாக்குவதும் நானே.
செவ்வாய் இரவு சமூக நிலையத்தில் மக்கள் சந்திப்பு.
மனுவோடு வருகிறவரிடம் முதல் வார்த்தை,
"கையைக் கட்டாதே. உட்கார்."
தண்ணீர்க் குழாய், குடியுரிமை,
பன்றிக் கொட்டகைக்கு நஷ்டஈடு,
ஹொக்கியனில் அழுத ஒருத்திக்கு
பசார் மலாயில் ஆறுதல்.
நான் தட்டிய கடிதத்தை வாங்கி
சிவப்புப் பென்சிலால் ஒற்றுத் திருத்துவார்.
"அமைச்சுக்கு ஆங்கிலத்தில்தானே சார் போகிறது?"
"தமிழ்ப் படி உன்னிடம் இருக்குமில்லையா?"

தோட்டத்தை அரசாங்கம் எடுத்த வருஷம்
தன் பேச்சைத் தானே எழுதிக் கொடுத்தார்:
"நீங்கள் குடியிருக்கும் இடத்தை,
என் பள்ளிக்கூடத்தையும் சேர்த்து,
நாங்கள் எடுத்துக்கொள்கிறோம்."
படித்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது.
மேலிடத்து அறிக்கை மேசைமேல் கிடந்தது.
அதன் நடைக்கு மாற்றித் தட்டினேன்:
"மேற்படி இடம் பொதுத் தேவைக்காகக்
கையகப்படுத்தப்படும்.
குடியிருப்போருக்கு மாற்று வீடுகள் வழங்கப்படும்."

அவருக்குப் படித்துப் பார்க்க நேரமில்லை.
லோரிமேல் ஏறினார், ஒலிபெருக்கி கீச்சிட்டது.
'கையகப்' வரை வந்து
ஒரு விநாடி நின்றார்.
பிறகு மீதியையும் படித்தார்.

கூட்டத்தில் பால்வாளியோடு செங்கமலம்,
ஒரு காலத்தில் கிழக்குச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தவள்.
"சார், எழுவாய் எங்க?"
சிலர் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.
"யாரு எடுக்குறா? யாரு குடுக்குறா?
வாக்கியத்துல ஆளையே காணோமே.
நாங்க இப்படி எழுதினா
பாதி மார்க்குதானே போடுவீங்க?"

காகிதத்தை மடித்தார்.
ஒலிவாங்கியை விட்டு விலகி
லோரியின் விளிம்புக்கு வந்து
"நான்தான்" என்றார். "எழுவாய் நான்."
ஒலிபெருக்கியில் விழவில்லை.
முன்னால் நின்ற பத்துப் பேருக்குக் கேட்டது.
மறுநாள் பத்திரிகையில் என் வாக்கியம் வந்தது.

திரும்பும் வழியில் அவர் எதுவும் கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை.
நீ சூன் சந்திப்பில் காரை நிறுத்தச் சொல்லி
எனக்கொரு பொட்டலம் கடலை வாங்கிக் கொடுத்தார்.
அதைத் தின்ன முடியாமல்
சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன்,
எறும்பு வரும்வரை.

செங்கமலத்துக்கு ஏழாவது மாடியில் வீடு கிடைத்தது.
மின்தூக்கி ஐந்தாவதில் நிற்கும், அடுத்து ஒன்பதாவதில்.
அதற்கும் ஒரு செவ்வாய் மனு கொண்டு வந்தாள்.
"இந்த இடத்தில் மின்தூக்கியை நிறுத்தாதவர் யார்?"
என்று தொடங்கியிருந்தாள்.
வாத்தியார் அதில் ஒரு எழுத்தையும் தொடவில்லை.

மூன்று தவணை. நான்காவதுக்கு முன்
தலைமையிடமிருந்து கடிதம்.
ஆங்கிலம் அவருக்கு நன்றாகத் தெரியும்.
ஆனாலும் என்னிடம் நீட்டினார்,
"தமிழ்ல போட்டுக் குடு."

அன்று இரவு பத்துவரை உட்கார்ந்திருந்தேன்.
தேடினேன். ஒவ்வொரு வரியாகத் தேடினேன்.
கருதப்படுகிறது, வேண்டப்படுகிறது என்பதற்கு மேல்
ஓர் ஆளும் அகப்படவில்லை.
"இளையர்களுக்கு வழிவிடப்பட வேண்டுமெனக் கருதப்படுகிறது.
தங்கள் சேவையை பாராட்டி
விருந்தொன்று அளிக்கப்படும்."

மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு
இரண்டு முறை படித்தார்.
சிவப்புப் பென்சிலை எடுத்து
'சேவையை'க்கும் 'பாராட்டி'க்கும் நடுவில்
ஒரு 'ப்' நுழைத்தார்.

"எழுவாய் விஷயம்," என்றார்,
பென்சிலை என் பக்கம் உருட்டிவிட்டு,
"இந்தத் தடவை உன் தப்பில்லை."